ஐந்தரை மணி நாற்காலி

"அத்தான், அசையாதீங்க."

மைத்துனன் இப்படிச் சொன்னதும், தோளில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் லிஃப்ட் சார் நினைத்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டார். மைத்துனன் கிட்டே வந்து, அவருடைய சட்டைப் பையின் ஓரத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து, ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"எள்ளு," என்றான்.

"எள்ளா? எங்கேர்ந்து வந்துச்சோ," என்று முனகிக்கொண்டே இன்னொரு செருப்பையும் கழற்றினார்.

"பன்லேர்ந்து வந்திருக்கு. வெண்ணெய்ப் பசை இன்னும் காயல பாருங்க. இன்னிக்குச் சாயங்காலம் சாப்பிட்டிருக்கீங்க. இந்த ஊர்ல பதினேழு பேக்கரி பார்த்துட்டேன் அத்தான். ஒரு கடையிலகூட எள்ளு போட்ட பன் கிடையாது. எந்தக் கடை?"

இந்த மைத்துனனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் சார் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்தபோது, சாமான் இறக்கி வைக்க உதவியாக ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் அவன். நான்கு மாதமாகியும் அந்த வாரம் முடியவில்லை. வேலை தேடுகிறான் என்று பேர். உண்மையில் அவன் தேடுவது கடைகளை. நல்ல டீக்கடை எது, மரநிழல் விழுகிற பெஞ்சு எந்தப் பூங்காவில் இருக்கிறது, பேசாமல் முடி வெட்டுகிற சலூன்காரர் யார் என்று தெருத் தெருவாக அலைந்து கண்டுபிடித்து, 'புது ஊர், நம்ம ஊர்' என்ற தலைப்பில் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வரிசை எண் போட்டு வெளியிடுவான். அந்தக் கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேரும் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். ஆகவே அவன் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். பட்டியலில் ஒரு கடை வந்தால் மறுநாளே அங்கே ஐம்பது பேர் நிற்பார்கள். அதற்கு மறுநாள் அங்கே நிற்க இடமிருக்காது. இருபது இடங்களை இப்படி உருப்படாமல் அடித்துவிட்டு, இருபத்தோராவது இடத்துக்கு ஆள் பசியோடு இருந்தான்.

"யாரு என் நீல பேஸ்ட் டப்பாவக் கிழிச்சது?" என்று உள்ளேயிருந்து சின்ன மகள் கத்தினாள். பள்ளிக்கூடத்தில் அட்டை வீடு செய்ய வேண்டுமாம். பெரியவள், நான் இல்லை என்று பதிலுக்குக் கத்தினாள். குக்கர் தன் பங்குக்குக் கத்தியது.

மைத்துனன் எள்ளை விடவில்லை. "சொல்லுங்க அத்தான். எந்தக் கடை?"

அப்போதுதான், எதிர்பாராத திசையிலிருந்து உதவி வந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "விடேன்டா, ஆபீஸ்ல யாருக்காவது பொறந்தநாளா இருக்கும். வந்ததும் வராததுமா அவரப் போட்டுக் குடையாத," என்றாள்.

லிஃப்ட் சார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆமா ஆமா. மேனேஜருக்குப் பொறந்தநாள். அவர்தான் பன் வாங்கிட்டு வந்தாரு. எந்தக் கடைன்னு நான் கேட்டுக்கல."

வாயிலிருந்து பொய் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே ஒரு திருப்தி. முகம் கழுவப் போனார்.

அவரை லிஃப்ட் சார் என்று கூப்பிடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருந்தார். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் அவரைத்தான் திட்டுவார்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், குடியிருப்பின் லிஃப்ட்டில் கதவு சரியாக மூடவில்லை என்று அங்கேயும் அவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது வேறு கம்பெனி லிஃப்ட் என்று அவர் நாற்பது தடவை சொல்லியாகிவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் மனைவியின் புகார்கள். இந்த ஊர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. துணி காயவே மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டுக்காரி சிரித்தால் சிரிக்க மாட்டேன் என்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தையல்காரன். ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்து நான்கு மாதமாகிறது, இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறான் என்று அவளே தினமும் பதினொரு மணிக்கு நேரில் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருகிறாள். நான் வேண்டுமானால் வந்து ஒரு பிடி பிடிக்கட்டுமா என்று லிஃப்ட் சார் கேட்டதற்கு, நீங்கள் ஒன்றும் வர வேண்டாம், உங்களுக்குச் சண்டை போடத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் வேறு எதையாவது பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

இதற்கெல்லாம் நடுவில் அவருக்கென்று அந்த ஊரில் இருந்தது ஒரே ஓர் அரை மணி நேரம். ஐந்தரைக்கு ஆபீஸ் முடிகிறது. வீட்டில் ஆறு மணிக்கு முடிகிறது என்று சொல்லியிருந்தார். வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. வந்த புதிதில் தெரியாமல் சொன்னது. பிறகு திருத்த மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து. அதன் உள்ளே இரண்டாவது கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஜன்னல், ஜன்னலையொட்டி ஒரே ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி அடுப்பு. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு முழுக்க இதமாகச் சூடு ஏறும். பேக்கரிக்காரர் வாட்டசாட்டமான ஆள். வார்த்தையை எண்ணித்தான் பேசுவார். எள்ளு பன் ஒன்றும் டீ ஒன்றும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். லிஃப்ட் சார் முதல் நாளே, நான் இங்கே வருவது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "எனக்கென்ன," என்றார் பேக்கரிக்காரர். அதுவே அவருக்கு நீளமான பேச்சு.

அந்த நாற்காலியின் முன்கால் ஒன்று குட்டை. உட்கார்ந்தால் ஆடும். ஆனால் தினமும் அவர் போகும்போது, அந்தக் காலுக்கு அடியில் ஒரு நீல அட்டையைக் கச்சிதமாக நாலாக மடித்து யாரோ வைத்திருப்பார்கள். அட்டை நசுங்கிப்போனால் மறுநாள் புதிது இருக்கும். யார் வைப்பது என்று ஒரு நாள் கேட்டார்.

"காலையில வர்றவங்க," என்றார் பேக்கரிக்காரர். "சாயங்காலமும் ஒருத்தர் வர்றார்னு சொன்னேன். வச்சிட்டுப் போறாங்க."

லிஃப்ட் சாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. முகம் தெரியாத ஒருவர் தனக்காக அட்டை மடித்து வைக்கிறார். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட, கை இல்லையா என்று கேட்கிறார்கள். காலையில் அந்த ஜன்னலில் முகத்துக்கு நேரே வெயில் அடிக்கிறது என்று அந்தக் காலை ஆள் சொன்னதாகத் தெரிந்ததும், அவர் ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டினார். அடுப்புச் சூட்டில் தினமும் அது பிய்த்துக்கொண்டு விழும். தினமும் கிளம்புவதற்கு முன் புதிதாக ஒட்டிவிட்டுப் போவார். காலை ஆள் யாராக இருக்கும் என்று டீ குடித்துக்கொண்டே யோசிப்பார். வழுக்கை விழுந்த கணக்கு வாத்தியார் என்று அவருக்குப் பட்டது. பாவம், அந்த மனிதருக்கும் வீட்டில் ஒரு மைத்துனன் இருப்பான் என்று நினைத்துக்கொள்வார்.

தனக்கு இப்படி ஒரு மூலை கிடைத்ததுபோல் மனைவிக்கு இந்த ஊரில் எதுவும் கிடைக்கவில்லையே என்று சில நாள் மனசு உறுத்தும். ஒரு நாள் அவளுக்காக ஒரு பன் வாங்கிக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில், எந்தக் கடை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் வந்து, அதையும் தானே தின்றுவிட்டார்.

எள்ளு மாட்டிய மறுநாள், மாலை ஐந்து மணிக்கு மைத்துனன் ஆபீஸுக்கே வந்துவிட்டான். கையில் வாழ்த்து அட்டை. நேராக மேனேஜர் அறைக்குள் போய், "நேத்து உங்க பொறந்தநாள்னு அத்தான் சொன்னாரு சார். பன் எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று கேட்டான்.

மேனேஜரின் பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவர் சிடுமூஞ்சி. அவரைப் பார்த்தால் லிஃப்ட்கூட இரண்டு மாடி தள்ளித்தான் நிற்கும் என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் வாழ்த்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருடத்தில் இந்த ஆபீஸில் ஒருவர்கூடத் தன் பிறந்தநாளைக் கேட்டதில்லை என்று கரகரத்த குரலில் சொன்னார். தேதி தப்பாக இருந்தால் என்ன, மனசு சரியாக இருக்கிறதே என்றார். கேக் வரவழைத்தார். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஆறே முக்கால் வரை நின்று கை தட்டினார்கள். எல்லோரும் லிஃப்ட் சாரைப் பார்த்த பார்வையில் அவர் அங்கேயே எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மைத்துனன் யோசனையாக இருந்தான். பன் எங்கே என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. அது ஒரு பக்கம். அவனுக்கு இன்னொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது.

"அத்தான், ஆபீஸ் வாசல்ல போர்டு பார்த்தேன். அஞ்சரை வரைக்கும்தான்னு போட்டிருக்கு. நீங்க ஆறுன்னுல்ல சொல்லுவீங்க?"

லிஃப்ட் சார் நடையை நிறுத்தவில்லை. நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருடா. தினம் அரை மணி நேரம். உங்க அக்கா பயப்படுவாளேன்னு வீட்ல சொல்லல."

இந்தப் பொய்க்கும் ஆயுசு பத்து நிமிஷம்தான். வீட்டுக்குள் கால் வைத்ததும் மைத்துனன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். மனைவி சட்டென்று கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன உடம்புக்கு, எந்த டாக்டர், என்ன சொன்னார் என்று கேட்ட கேள்விகளுக்கு, கொழுப்பு, சர்க்கரை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். அன்று முதல் அவர் தட்டில் எண்ணெய் நின்றுபோனது, டீயில் சர்க்கரை நின்றுபோனது. மைத்துனனோ இனிமேல் தினமும் ஐந்தரைக்கு ஆபீஸ் வாசலுக்கே வந்து அத்தானோடு நடப்பது என்று முடிவு செய்துவிட்டான். அத்தானைத் தனியாக விட்டால் எங்கேயாவது மயங்கி விழுந்துவிடுவாராம்.

"எந்தப் பக்கம் நடப்பீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"எங்க வேணா போலாம்க்கா. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு, அங்கதான் நான் இன்னும் போகல."

அந்தப் பக்கம் வேண்டாம் என்று லிஃப்ட் சார் சொல்லப் பார்த்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அங்க மட்டும் போயிடாதீங்க. அந்தச் சந்துல நாய்ங்க. தையல்காரன் வீட்டுக்குப் போறப்ப பார்த்திருக்கேன், ஏழெட்டு நாய். போறவங்க வர்றவங்களத் துரத்திக் கடிக்குதுங்க."

அந்தச் சந்தில் நாய் என்ன, ஒரு பூனைகூடக் கிடையாது. தினமும் போகிற லிஃப்ட் சாருக்கு இது தெரியாதா? இவள் வேறு ஏதோ சந்தைப் பார்த்துவிட்டு வந்து உளறுகிறாள் என்று புரிந்தது. ஆனால் அதைச் சொல்ல முடியுமா? "ஆமாமா, நாய்னா எனக்குக் கொஞ்சம் பயம்தான்," என்று பணிவாகச் சொல்லிக்கொண்டார். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் அவள் பேச்சு இவ்வளவு இனிமையாக அவர் காதில் விழுந்ததே இல்லை.

ஒரு வாரம் நடந்தார்கள். ஊரின் எதிர்ப்பக்கம், காற்றுகூட வீசாத ஒரு சாலையில், பழைய டயர் கடைகளைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பினார்கள். மைத்துனன் வாய் மூடவில்லை. எந்த டீக்கு எவ்வளவு கொதி வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வந்தான். லிஃப்ட் சாருக்கு முட்டி வலி எடுத்தது. முதுகு அந்தச் சூட்டுக்காக ஏங்கியது. காலண்டர் அட்டை கீழே விழுந்து கிடக்கும், காலை வாத்தியார் முகத்தில் வெயில் அடிக்கும், தான் செத்துப்போய்விட்டதாக அவர் நினைத்துக்கொள்வார் என்ற எண்ணம் வேறு வாட்டியது.

எட்டாவது நாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இவனுக்கு வேண்டியது இருபத்தோராவது இடம். ஏதாவது ஒரு கண்றாவிக் கடையைக் காட்டி, இதுதான் என் ரகசியக் கடை என்று சொல்லிவிட்டால் தொல்லை விட்டது. ஊரிலேயே மட்டமான டீ எங்கே கிடைக்கும் என்று ஆபீஸ் காவலாளியிடம் விசாரித்தார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், பஸ் டெப்போ சுவரை ஒட்டின கடை என்றார்.

அங்கே அழைத்துப் போனார். டீ துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. கடைக்காரர் டம்ளரைக் கழுவினாரா என்பது அவருக்கே சந்தேகம். பஸ்கள் உறுமியதில் பேசினால் காதில் விழவில்லை. லிஃப்ட் சார் கஷ்டப்பட்டு ஒரு வாய் குடித்து, "இதுதான்டா. யாருகிட்டயும் சொல்லல. உனக்குங்கிறதால சொல்றேன்," என்றார்.

மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தான்.

"நேர்மையான டீ அத்தான்," என்றான் கடைசியில். "ஒளிவு மறைவே இல்ல. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க."

இருபத்தோராவது இடமாகப் பஸ் டெப்போ கடை வெளிவந்தது. யாருக்கும் பிடிக்காது என்று லிஃப்ட் சார் நிம்மதியாக இருந்தார். மறுநாள் குடியிருப்பே அங்கே போய் நின்றது. ஓய்வு பெற்ற கோர்ட் எழுத்தர், அந்த டீயைக் குடித்ததும் தனக்குத் தன் இளமைக்காலம் ஞாபகம் வந்துவிட்டது என்று குழுவில் எழுதினார். இரண்டாம் மாடிப் பல் டாக்டர், குடும்பத்தோடு மூன்று தடவை போய்விட்டு வந்தார். மைத்துனன், இந்தப் பெருமையெல்லாம் அத்தானுக்குத்தான் என்று எழுதினான். லிஃப்ட் சாருக்கு மூக்கு அப்படி, அவர் கால் போகிற இடத்தில் நல்ல கடை இருக்கும் என்று கட்டடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. படிக்கட்டில் மடக்கி, அடுத்த இடம் எது சார் என்றார்கள். லிஃப்ட்டைப் பற்றி யாரும் இப்போது கேட்பதில்லை. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட அவரால் முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் மைத்துனன் அடுத்த குண்டைப் போட்டான். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எல்லோரும் சேர்ந்து ஊரைச் சுற்றி நடக்கப்போகிறார்கள். முன்னால் நடந்து வழி காட்டப்போவது லிஃப்ட் சார்.

"எனக்கு ஊரே தெரியாதேடா," என்றார் அவர். சத்தியமான வார்த்தை.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க அத்தான். உங்க கால் எங்க போகுதோ போங்க. நாங்க பின்னாடியே வரோம்."

மனைவி முதலில் வரவில்லை என்றாள். தலைவலி என்றாள், துணி மடிக்க வேண்டும் என்றாள். தம்பி, பள்ளிக்கூடம் பக்கமும் போகலாம் என்று சொன்னதும் என்ன நினைத்தாளோ, நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினாள்.

இருபத்திரண்டு பேர் கிளம்பினார்கள். லிஃப்ட் சாருக்கு அந்த ஊரில் தெரிந்தது இரண்டு வழிதான். ஒன்று வீட்டிலிருந்து ஆபீஸ். இன்னொன்று ஆபீஸிலிருந்து பேக்கரி வழியாக வீடு. எப்படியாவது எதிர்த்திசையில் போய்விட வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் நடந்தார். முதலில் ஒரு பூட்டிய பூங்கா வந்தது. அப்புறம் ஒரு மரக்கடையின் பின்பக்கம். அப்புறம் மறுபடியும் அதே பூட்டிய பூங்கா. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. காரணமில்லாமல் சார் நடக்க மாட்டார் என்று பல் டாக்டர் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோர்ட் எழுத்தர் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டு, "அது கிடக்கட்டும் சார், நம்ம லிஃப்ட் கதவ எப்பச் சரி பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்தார்.

லிஃப்ட் சாருக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. நாற்பத்தோராவது தடவையாக, அது வேறு கம்பெனி லிஃப்ட் என்று தொடங்கினார். எழுத்தர், எல்லா லிஃப்ட்டும் லிஃப்ட்தானே என்றார். எல்லாக் கோர்ட்டும் கோர்ட்தானே, பக்கத்து ஊர்த் தீர்ப்புக்கு உங்களைக் கேட்கலாமா என்று இவர் திருப்பிக் கேட்டார். வாக்குவாதம் சூடு பிடித்தது. கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார். கால் தன் வழியில் போனது. மணி ஐந்தரை.

நிமிர்ந்து பார்த்தபோது பள்ளிக்கூடத்தின் பின்சுவர். எதிரே முட்டுச்சந்து.

"வாசனை," என்றான் மைத்துனன். மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தான். "அத்தான், இங்க எங்கேயோ எள்ளு வறுபடுது."

இருபது மூக்குகள் உயர்ந்தன. லிஃப்ட் சார் சந்தின் வாயை மறைத்துக்கொண்டு நின்றார். போச்சு, எல்லாம் போச்சு. நாளைக் காலை அந்த ஜன்னலில் ஐம்பது பேர் நிற்பார்கள். வாத்தியாருக்கும் தனக்கும் இனி இந்த ஊரில் போக்கிடம் இல்லை.

அப்போது மனைவி அவர் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்றிருந்தது.

"என்னங்க, எனக்குத் தலைய சுத்துது. உள்ள போக வேணாம். வாங்க, திரும்பி வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள். சொல்லும்போதே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவள் இப்படிச் சாய்ந்து அவர் பார்த்ததில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், மூன்று வீடு மாற்றியவள், ஜுரத்தோடு சமைத்தவள், ஒரு நாளும் முடியவில்லை என்று சொன்னதில்லை. அவருக்குப் பதறிவிட்டது. நான்கு மாதமாகத் தண்ணீர் சரியில்லை, துணி காயவில்லை என்று அவள் சொன்னதெல்லாம் உடம்பு முடியாமல்தான் சொன்னாளோ, நான்தான் காதில் வாங்காமல் ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேனோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பேக்கரி, ரகசியம், அரை மணி நேரம் எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை.

"வீடு வரைக்கும் நீ எப்படி நடப்ப? உள்ள வா. ரெண்டாவது கடையில ஜன்னல் ஓரமா ஒரு நாற்காலி இருக்கு. உக்காந்தா முதுகுக்கு இதமா இருக்கும்," என்று சொல்லி அவளைத் தோளோடு அணைத்து உள்ளே நடத்திக்கொண்டு போனார்.

"வேணாங்க, அங்க வேணாம்," என்று அவள் தடுத்தாள். அவர் கேட்கவில்லை.

"உள்ள நாற்காலி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?" என்று மைத்துனன் பின்னாலிருந்து கேட்டான்.

லிஃப்ட் சார் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். நாற்காலி ஆடவில்லை. காலண்டர் அட்டை தரையில் விழுந்து கிடந்தது. சாயங்காலமானாலும் ஜன்னல் வழியாக எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவள் முகத்தில் அடிப்பதைப் பார்த்து, கையோடு அதை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினார். பிறகு குனிந்து அவள் முகத்துக்கு நேரே கையால் விசிறினார். அவள் அவரைப் பார்க்காமல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருபது பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மைத்துனன் செல்போனை வெளியே எடுத்துவிட்டான்.

சத்தம் கேட்டுப் பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார். லிஃப்ட் சார் கண்ணாலேயே கெஞ்சினார். இந்த மனிதர் தன்னை மட்டும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அது போதும். பேக்கரிக்காரர் அவரைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார். நான்கு மாதத்தில் ஒரு நாளும் சிரிக்காத அந்த முகம் மெதுவாக மலர்ந்தது. தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டு, யாரையோ யாருக்கோ அறிமுகம் செய்துவைக்கிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரு தடவையாவது பார்த்துக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா, உங்களுக்கு வெயில் படக் கூடாதுன்னு தினம் காலண்டர் ஒட்டிட்டுப் போற சாயங்கால ஆளு இவர்தான். சார், உங்களுக்கு அட்டை மடிச்சு வைக்கிறவங்க இவங்கதான்."